பிரீடரா, தத்தா: சென்னையில் நாய் எடுப்பதற்கு முன்

நாய் வளர்க்கலாம் என்று வீட்டில் ஒருவழியாக எல்லோரும் சம்மதித்த பிறகு வரும் கேள்வி இது: பிரீடரிடம், அதாவது இன நாய்களை இணைசேர்த்துக் குட்டி விற்பவரிடம், வாங்குவதா, தத்தெடுப்பதா? சென்னையில் இந்தப் பேச்சை எடுத்தாலே அது நியாய தர்மத்துக்குப் போய்விடும். "தெருவில் இத்தனை உயிர் கிடக்கும்போது காசு கொடுத்து வாங்குவதா?" என்பார் ஒருவர். "எங்கிருந்து வந்ததென்றே தெரியாத நாயைக் குழந்தை இருக்கும் வீட்டில் எப்படி விடுவது?" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. முடிவெடுக்க உதவும் கேள்வி மட்டும் வேறு. வரப்போகும் அந்த ஒரு நாயைப் பற்றி முன்கூட்டியே எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? ஒத்துவராவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

இதை அளவுகோலாக வைத்தால் வரிசை இப்படி அமைகிறது. ஃபாஸ்டர் வீட்டில், அதாவது தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வீட்டில், சில வாரமாவது இருந்த வளர்ந்த நாய் முதலிடம். தாயைக் கண்ணெதிரே காட்டும் பிரீடரின் குட்டி அடுத்தது. தாய் தகப்பன் தெரியாத தெருக்குட்டி மூன்றாவது. போனில் படம் பார்த்து, ஏதோ ஒரு மெட்ரோ நிலைய வாசலில் கூடையோடு கைமாறும் 'ப்யூர் பிரீட்' குட்டி கடைசி. மூன்றாவதிலும் நான்காவதிலும் நாயைப் பற்றித் தெரியாதது ஏறக்குறைய ஒரே அளவுதான். தெருக்குட்டியைத் தருபவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார், அதுதான் வித்தியாசம்.

முதலில் வயது

குட்டியா, வளர்ந்த நாயா என்பதை முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ராத்திரியிலும் ஒருமுறையாவது எழ வேண்டும். தடுப்பூசி வரிசை முடியும்வரை, ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும்வரை, தெருநாய்கள் நடமாடும் மண்ணில் அதை இறக்கவும் கூடாது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கணவன் மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்புகிற வீட்டில் இது நடக்காத காரியம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நாய் உலகத்தைப் பழகும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், தாடி வைத்தவர், ஹெல்மெட் போட்டவர், லிஃப்ட் எல்லாம் அந்த நாட்களில்தான் அதற்கு அறிமுகமாக வேண்டும். வெளியே இறக்கவும் கூடாது, உள்ளேயே அடைத்துவைக்கவும் கூடாது. தினமும் கையில் தூக்கிக்கொண்டு பதினைந்து நிமிடம் தெருமுனை வரை போய் வருவதுதான் வழி. இதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் வளரும் குட்டி, எந்த இனமானாலும், ஒரு வயதில் பயந்த நாயாக நிற்கும். பயந்த நாய்தான் கடிக்கும்.

இரண்டு வயது நாயிடம் இந்த மர்மம் கிடையாது. எவ்வளவு பெரிதாகும் என்று யூகிக்க வேண்டாம், குணமும் பெரும்பாலும் படிந்திருக்கும். "வளர்ந்த நாய் ஒட்டாது" என்பது நம்மூரில் வேரூன்றிய நம்பிக்கை. வேளைக்குச் சோறும் ஒரே மாதிரியான நேரமும் கிடைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் எந்த வளர்ந்த நாயும் ஒட்டிவிடும்.

பிரீடரிடம் போனால்

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. குட்டிக்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் கொண்ட சில்லு, பொருத்தியிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. முகம் சுளிப்பவரிடம் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சந்தையில் வழக்கமாகக் காதில் விழுவது "நாற்பத்தைந்து நாள் குட்டி". நடைமுறையில் அது முப்பத்தைந்து நாளாகவும் இருக்கும், ஏனென்றால் சின்னதாக இருந்தால்தான் சீக்கிரம் விலைபோகும். ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில்தான் உடன்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே பிரித்தால் அந்தப் பாடம் உங்கள் விரல்களில்தான் நடக்கும். வயதைச் சோதிக்க வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களும் கோரைப்பற்களும் ஆறு வாரத்துக்குள் வந்துவிடும். கன்னத்துப் பால்பற்கள் முழுதாக வர எட்டு வாரம் ஆகும், மொத்தம் 28. பின்பக்க ஈறு வெறுமையாக இருந்தால் சொன்ன வயது பொய்.

தாய் நாயைப் பார்ப்பது இன்னும் முக்கியம். பாலூட்டிய காம்புகள் தடித்துத் தொங்கும், குட்டிகளை விட்டால் நேராக அவளிடம் ஓடும். "அம்மா நாய் ஊரில் இருக்கு", "இப்போதான் டாக்டரிடம் கூட்டிப்போனாங்க" என்றால் நீங்கள் பேசுவது தரகரிடம். அந்நியரைக் கண்டு தாய் லேசாக உறுமினால் பயப்பட வேண்டாம், குட்டி பெற்றவள் அப்படித்தான். வளர்ப்பவர் கை ஓங்காமலே அவள் சுருண்டு பதுங்கினால் அதைக் கவனியுங்கள். பயம் குட்டிகளுக்கும் போகும். ஒரே இடத்தில் லாப்ரடார், பீகிள், ஷிட்சூ, பொமரேனியன் என்று ஐந்தாறு இனம் கிடைக்கிறதென்றால், அங்கே எந்த நாயையும் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். நல்ல பிரீடர் உங்களையும் கேள்வி கேட்பார்: வீட்டில் யார் இருப்பார்கள், மொட்டை மாடியில் கட்டி வைப்பீர்களா, முன்பு வளர்த்த நாய் எப்படி இறந்தது. முன்பணம் அனுப்பினால் போதும் என்பவர் எதையும் கேட்க மாட்டார்.

கே.சி.ஐ. பேப்பர் பற்றி. இன நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் இந்தியக் கென்னல் கிளப்பின் (கே.சி.ஐ.) தலைமையகம் இருப்பது நம் சென்னையில்தான், ஆனாலும் அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது என்பதில் இங்கேயே பெருங்குழப்பம். அது வம்சாவளியை மட்டும் சொல்லும். உடல்நலம் பற்றி ஒரு வரியும் அதில் இருக்காது. "பேப்பரோடு இந்த விலை, பேப்பர் இல்லாமல் அந்த விலை" என்று ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு இரண்டு விலை சொல்பவரிடம், ஈத்து பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். "பேப்பர் ரெண்டு மாசத்துல வீட்டுக்கு வந்துடும்" என்றால் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்திருந்தால், அதிலுள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணையும் குட்டியின் கழுத்தோரம் மருத்துவரின் ரீடர் காட்டும் எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

பேப்பரைவிட உபயோகமானது எக்ஸ்ரே. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் மூன்றிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய், தகப்பன் இரண்டுக்கும் இரண்டு வயதுக்குப் பின் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். "ரெண்டும் நல்லா ஓடுது சார்" என்பது பதில் ஆகாது. சுமாரான இடுப்போடு ஐந்து வயது வரை ஓடும் நாய்கள் உண்டு.

நாட்டு இனம் வாங்குபவர்கள் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும். நிறமிக் குறைவு உட்காதையும் பாதிப்பதே காரணம். குட்டி தூங்கும்போது, மற்றக் குட்டிகளை விலக்கிவிட்டு, அதன் பார்வையிலும் மூச்சுக்காற்றிலும் படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் தெரியாது, இரண்டும் கேட்காவிட்டால் தெரியும். அடுத்தது ஓட்டம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்தவை. பூனை குறுக்கே போனால் கூப்பிட்டாலும் திரும்பாது. ஃபிளாட்டில் இவற்றை வளர்ப்பது இரண்டு பக்கத்துக்கும் தண்டனை.

வெயிலைச் சொல்லாமல் சென்னையில் இனம் பேச முடியாது. பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் மூச்சுக்குழாய் அமைப்பு அவற்றைக் குளிர்விக்கவே விடாது. நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, மூச்சு இரைத்துத்தான் குளிர்கிறது. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உட்பட 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டார்கள். மே மாதத்தில் நாள் முழுக்க ஏசி போட முடியாத வீட்டில் ஹஸ்கி வேண்டாம். ராட்வைலர், பிட்புல் மேல் ஆசை உள்ளவர்கள் மாநகராட்சி 2025 டிசம்பரில் இந்த இரண்டுக்கும் விதித்த தடையை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

பார்வோ என்ற எமன்

வாங்கிய குட்டி ஒரு வாரத்தில் இறந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் பார்வோ வைரஸ். உடலில் புகுந்து மூன்று முதல் ஏழு நாட்களில் வாந்தி, சோர்வு, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி. அதாவது கொண்டுவந்த நாலாம் நாள் நோய் தெரிந்தால், அது விற்றவர் இடத்திலேயே தொற்றியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "நேத்துதான் ஊசி போட்டோம்" என்பது ஆறுதல் இல்லை. ஊசிக்குப் பலன் வர நாட்கள் ஆகும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் பல வாரங்களுக்கு ஊசியையே செல்லாமல் ஆக்கிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று, நான்கு வார இடைவெளியில் போட்டு, கடைசி ஊசி பதினாறாவது வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

தடுப்பூசிப் புத்தகத்தில் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் அது ஊசி போட்டதற்கு அத்தாட்சி ஆகாது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் தயாரிப்பு எண், காலாவதி தேதி, பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண்ணுள்ள முத்திரை, இத்தனையும் வேண்டும். பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: 72 மணி நேரத்தில் எங்கள் மருத்துவர் பரிசோதித்துச் சரியில்லை என்றால் பணம் திரும்ப வரும், எப்போது வேண்டுமானாலும் வளர்க்க முடியாமல் போனால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இரண்டாவது வரிக்குச் சம்மதிப்பவர் கொஞ்சம் பேர்தான். அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால் ஒரு வருடம் வரைக்கும் புதுக் குட்டி கொண்டுவராமல் இருப்பது நல்லது. வைரஸ் மண்ணிலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நம் வீட்டுப் பினாயில் அதை நம்பகமாகக் கொல்லாது. ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கை முதலில் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டால் சாகும். தோட்டத்து மண்ணை அப்படிக் கழுவ முடியாது. அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிந்த வளர்ந்த நாய்தான் பொருத்தம்.

தத்தெடுக்கப் போனால்

புளூ கிராஸ், பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனை போன்ற காப்பகங்கள் ஒரு வகை. நாலைந்து நாயை வீட்டில் வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் வீடு தேடும் தனி ஆட்கள் இன்னொரு வகை. காப்பகத்தில் நாய்கள் அதிகம், தேர்வும் அதிகம். ஆனால் ஐம்பது நாய் குரைக்கும் கொட்டடியில் ஒரு நாயின் இயல்பான குணம் தெரியாது. பயந்து மூலையில் கிடப்பது வீட்டில் கலகலப்பாக இருக்கலாம், எதிர்மாறாகவும் ஆகலாம். ஃபாஸ்டர் வீட்டிலிருந்து எடுப்பது இதனால்தான் மேல்.

ஃபாஸ்டரிடம் "நல்ல நாயா?" என்று கேட்டால் "தங்கம்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். தனியாக எத்தனை மணி நேரம் இருந்திருக்கிறது, அப்போது எதைக் கிழித்தது? சாப்பிடும்போது கிண்ணத்தின் பக்கம் போனால் என்ன செய்கிறது? கூரியர்காரர் வந்தபோது? லிஃப்டில் ஏறுமா? பூனை, குழந்தை, வேலை செய்ய வரும் அம்மா யாரையாவது பார்த்து உறுமியிருக்கிறதா? போன தீபாவளிக்கு எங்கே ஒளிந்தது? இரண்டு வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் நீங்களே போய் ஒரு நடை கூட்டிப்போங்கள். முடிந்தால் இரண்டு வாரம் சோதனையாக வைத்துப் பார்த்துத் தத்தெடுக்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

உடல்நலத்தில் வளர்ந்த தெருநாய்க்குக் குட்டியைவிட வேறு கணக்கு. சென்னையில் முதல் எதிரி உண்ணி. எர்லிக்கியா, பேபீசியா என்ற இரண்டு ரத்தத் தொற்றுகள் அதன் வழியாக வந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தத்தில் பதுங்கும். எடுக்கும் முன் முழு ரத்தப் பரிசோதனையும் ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சுச் சோதனையும் கேளுங்கள். தட்டணுக்கள் இரண்டு லட்சத்துக்குக் கீழே இருந்தால் மருத்துவர் மேற்கொண்டு பார்ப்பார். எர்லிக்கியா என்றால் வழக்கமாக நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மருந்து, நாய் தேறியதென்று பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். பேபீசியாவுக்கு மருந்து வேறு. பிறப்புறுப்பில் சொட்டும் ரத்தம், காலிஃபிளவர் போன்ற கட்டி இருந்தால் தெருநாய்களிடையே இணைசேர்க்கையில் பரவும் புற்று அது. பெயரைக் கேட்டு ஓட வேண்டாம், வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். சொறியில் ஒரு வகை நமக்கும் தொற்றி அரிக்கும், இன்னொரு வகை தொற்றாது. தோல் சுரண்டிப் பார்த்தால் எது என்று தெரியும்.

அஞ்ச வேண்டியது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். மூக்கில் காய்ந்த சளி, தடித்த பாதம், தாடையோ காலோ தன்னையறியாமல் துடிப்பது அதன் அடையாளம். சளியும் காய்ச்சலும் அடங்கிச் சில வாரம் கழித்துக்கூட நரம்பில் ஏறும். காப்பகத்திலிருந்து நேராக எடுக்கும்போது, வீட்டில் வேறு நாய் இருந்தால், இரண்டு வாரம் தனி அறை, தனிக் கிண்ணம்.

காதில் வி வடிவ வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று பொருள். இல்லாவிட்டால், கருத்தடை செய்வதாக எழுத்தில் உறுதி கேட்பார்கள். அடையாள அட்டை, வீட்டுச் சோதனை, வாடகை வீடானால் வீட்டு உரிமையாளர் சம்மதம், பால்கனிக்குக் கம்பி வலை, இத்தனையும் கேட்பதைப் பார்த்து "இலவசமாகத் தரும் நாய்க்கு இவ்வளவு கெடுபிடியா" என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. ஒருமுறை கைவிடப்பட்ட நாய் மறுமுறை கைவிடப்படாமல் இருக்கத்தான் இது. உங்களுக்கும் லாபம்: இவ்வளவு கேட்பவர்தான் பிரச்சினை என்றால் போனை எடுப்பார்.

இன நாய்தான் வேண்டும் என்பவர்களுக்கும் தத்தில் இடம் இருக்கிறது. லாப்ரடார், ஷிட்சூ, பக், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று வீடு மாறியதால், குழந்தை பிறந்ததால், தோல் நோய்ச் செலவு தாங்காமல் விடப்பட்டவை சென்னையில் எப்போதும் வீடு தேடிக்கொண்டிருக்கின்றன. ஐந்தாறு வயதுப் பெண் நாய், தொங்கிய காம்புகள், வயிற்றில் அறுவைத் தழும்பு என்றால் குட்டி போட வைத்தே தேய்ந்து வெளியே தள்ளப்பட்டது. அதற்கு உடனே கருத்தடை செய்ய வேண்டும், கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உயிரை எடுக்கும். மார்பில் கட்டி இருக்கிறதா என்று ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாட்டு நாயின் குணம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு வயது வரை எல்லோரிடமும் வாலாட்டும் தெருக்குட்டி, ஒன்றரை, இரண்டு வயதில் காவல் புத்தி முளைத்து அந்நியரைத் தடுக்கத் தொடங்கும். விருந்தினர் வந்து போகும் வீட்டில் முதல் மாதத்திலிருந்தே ஆட்களைப் பழக்க வேண்டும். மற்றபடி 15, 18 கிலோ எடை, குட்டை முடி, இந்த வெயிலுக்கு ஏற்ற உடம்பு.

செலவில் கொள்முதல் விலைதான் சின்னது. 30 கிலோ லாப்ரடாருக்கு உலர் தீவனம் நாளுக்கு 300, 350 கிராம், மாதம் பத்து கிலோ. நாட்டு நாய்க்கு 200 கிராமைச் சற்றுத் தாண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

யாருக்கு எது?

பகலில் ஆள் இல்லாத வீடு, முதல் நாய், ஃபிளாட் என்றால் ஃபாஸ்டரிலிருந்து இரண்டு, மூன்று வயது நாய். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டுக்கும் அதுவேதான். கால் தடுக்கிவிடும் குட்டி அங்கே இடுப்பெலும்பு முறிவில் முடியும். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், குழந்தைகளோடு வாழ்ந்து பழகிய வளர்ந்த நாய், அல்லது தாயின் குணம் தெரிந்த பிரீடர் குட்டி. தெருக்குட்டி வேண்டுமானால் குழந்தை கொஞ்சம் வளரட்டும். கண்காட்சி, விளையாட்டுப் பயிற்சி, குறிப்பிட்ட வேலை என்று காரணம் உள்ளவர்கள் பிரீடரிடம் போவதில் தவறில்லை. அவர்கள் ஈத்து பிறக்கும் முன்பே பேசிவைத்துக் காத்திருக்க வேண்டும். "இன்னிக்கே ரெடி" என்று கிடைக்கும் குட்டி அவர்களுக்கானது இல்லை.

எங்கிருந்து வந்தாலும் மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநோய் ஊசிச் சான்றோடு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 50 ரூபாய். மைக்ரோசிப்பும் இப்போது கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். ஏற்கெனவே சிப் உள்ள நாயானால் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுவதை மறக்காதீர்கள். தொலைந்த நாய் கிடைத்தால் அந்த எண்ணில் இருக்கும் பெயருக்குத்தான் போன் போகும்.

தத்தெடுத்த நாய் தொலைவது அதிகமும் முதல் மாதத்தில்தான். கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு பிடித்து நடத்துங்கள். மிரண்டு பின்வாங்கும் நாய் கழுத்துப் பட்டையைத் தலை வழியே உருவிக்கொள்ளும். ஐப்பசியில் எடுப்பதாக இருந்தால் தீபாவளி கழிந்து எடுங்கள். வெடிச் சத்தத்தில் ஓடும் நாய்க்கு உங்கள் தெரு எது என்று இன்னும் தெரிந்திருக்காது.